ஆஃப்ஷோர் லீக்ஸ் டேட்டாபேஸ்: பெயரைவிட முகவரியைத் தேடுங்கள்

கணக்கு எழுதுவது என் தொழில். பணம் எங்கே போகிறது என்று பேரேட்டில் பின்தொடர்ந்தே பழகியவன். ஆனால் அந்தப் பணம் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு லெட்டர்பேட் கம்பெனிக்குள் போய்விட்டால் அதோடு தடம் அறுந்துவிடும். அந்த இடத்திலிருந்து சில அடிகளாவது மேலே போக வழி கொடுத்தது என்பதால்தான் சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு நடத்தும், இப்படிப்பட்ட கம்பெனிகளின் விவரங்களைத் தேடிப் பார்க்க உதவும் இந்தத் தளத்தின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

2013-இல் தொடங்கியது. அப்புறம் பனாமா பேப்பர்ஸ், பாரடைஸ் பேப்பர்ஸ், பாண்டோரா பேப்பர்ஸ் என்று ஒவ்வொரு பெரிய ரகசிய ஆவணக் கசிவிலிருந்தும் விவரங்கள் சேர்ந்து, இன்று 8,10,000-க்கும் அதிகமான நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் இதில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது.

எல்லோரும் முதலில் ஒரு பெயரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். தமிழ்ப் பெயர்களுக்கு இது பெரும்பாடு. 'ழ' வந்தால் ஒருவர் இசட் போடுவார், இன்னொருவர் எல் போடுவார்; இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் பெயர் அச்சு அசலாக வந்து நின்றபோது திக்கென்றது. முகவரியைப் பார்த்தேன், வேறு நாடு, வேறு ஆள். இங்கே பெயர் இருப்பதாலேயே ஒருவர் தவறு செய்தவர் ஆகிவிட மாட்டார், ஆளைச் சரிபாருங்கள் என்று தளம் முதல் பக்கத்திலேயே சொல்கிறது. அதைப் படிக்காமல் தாண்டிப் போயிருந்தேன். இப்போது யாருக்குக் காட்டினாலும் அதைப் படிக்க வைத்த பிறகுதான் தேட விடுகிறேன்.

உண்மையான பலன் முகவரியில் இருக்கிறது. ஒரு கம்பெனியைத் திறந்தால் பதிவு நாள், இயக்குநர்கள், பங்குதாரர்கள், பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர் எல்லாம் புள்ளிகளும் கோடுகளுமாக விரியும். முகவரிப் புள்ளியைத் தொடுங்கள். பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் ஒன்றான டார்டோலாவின் ரோடு டவுனில் அகாரா கட்டடம் என்று ஒன்று, பனாமா பேப்பர்ஸ் கசிந்த மொசாக் ஃபொன்சேகா என்ற சட்ட நிறுவனம் பயன்படுத்திய முகவரி. அந்த ஒரே வாசலில் கம்பெனி மேல் கம்பெனியாக வந்துகொண்டே இருக்கும். இடைத்தரகர் பட்டியலில் வக்கீல்களோடும் வங்கிகளோடும் கணக்காளர்களும் இருக்கிறார்கள். என் தொழில்காரர்களை அங்கே பார்த்தது வருத்தமாக இருந்தது.

குறைகளும் உண்டு. கசிவு நின்ற நாளோடு விவரமும் நின்றுவிடுகிறது. பனாமா விவரங்கள் 2015 வரைதான். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பணப் பரிமாற்றம் எதுவும் இல்லை. தொகை இல்லாத கணக்கு என்ன கணக்கு என்று முதலில் சலித்துக்கொண்டேன். ஆனால் வின்ட்ரிஸ் என்ற ஒரு கம்பெனி யாருடையது என்பது பனாமா பேப்பர்ஸில் வெளியானதும், 2016 ஏப்ரலில் ஐஸ்லாந்துப் பிரதமர் பதவி விலக நேர்ந்தது. எவ்வளவு என்பதற்கு முன்னால் யாருடையது என்று கேட்கத்தான் வேண்டும்.

கைப்பேசியில் வேண்டாம், கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, கணினியில் பாருங்கள். முழுத் தரவையும் பதிவிறக்கலாம். தொடர்புகளுக்கான கோப்பு மட்டும் எக்செல்லில் முழுதாகத் திறக்காது, வரிகள் அவ்வளவு. நான் அதை நாடுவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.