ஆல்கலைன் பேட்டரியா, சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரியா?

ரேடியோ, டார்ச், கேமரா ஃபிளாஷ், ரிமோட் என எல்லாவற்றிலும் ஒரே ஏஏ அளவு பேட்டரி பொருந்திவிடுவதால், எந்த வகையை வாங்குவது என்ற குழப்பம் பலருக்கும் எழுகிறது.

மின்னழுத்தம்: ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைகிறது. சார்ஜ் செய்யும் வகையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (சுருக்கமாக நிக்கல்) 1.2 வோல்ட்தான் என்றாலும், தீரும் தறுவாய் வரை ஏறத்தாழ அதே அளவில் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அதை ஒதுக்குவது தவறு. ஃபிளாஷ் போல ஒரே நேரத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும் கருவிகளில், உள்தடை (மின்னோட்டத்துக்குப் பேட்டரியின் உள்ளேயே எழும் எதிர்ப்பு) அதிகமுள்ள ஆல்கலைன் தன் கொள்ளளவின் பெரும்பகுதியைத் தர இயலாமல் சோர்ந்துவிட, நிக்கல் பேட்டரி அடுத்தடுத்த படங்களுக்கு ஈடுகொடுக்கிறது.

செலவு: ஆல்கலைனை ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டும். நிக்கலுக்குச் சார்ஜரையும் சேர்த்து முதலில் அதிகம் செலவானாலும், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம்.

இருப்பு: ஆல்கலைன் பிரிக்காமல் பல ஆண்டுகள் தாங்கும். பழைய வகை நிக்கல் சும்மா இருந்தே சில மாதங்களில் வற்றிவிடும். 2005இல் சான்யோ நிறுவனம் எனலூப் என்ற நிக்கல் பேட்டரியை அறிமுகப்படுத்திய பிறகு பரவிய புதிய வகையோ ஓராண்டுக்குப் பின்னும் பெரும்பகுதி மின்சாரத்தைத் தக்கவைக்கிறது.

கசிவு: தீர்ந்த ஆல்கலைனிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து தொடுமுனைகளை அரிக்கக்கூடும், நிக்கலில் இது அரிது. எப்போதாவது எடுக்கும் டார்ச்சுக்குள் ஆல்கலைனை விட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை. தனியே எடுத்து வைத்துவிடுவேன்.

ஆகவே சுவர்க் கடிகாரம், ரிமோட், அவசரக் கையிருப்பு ஆகியவற்றுக்கு ஆல்கலைன் போதும். ஃபிளாஷ், விளையாட்டுப் பொம்மை, அன்றாடம் ஒலிக்கும் ரேடியோ ஆகியவற்றுக்குப் புதிய வகை நிக்கலே ஏற்றது.