பாய்சன் ஓக் தடிப்புக்கு எது உதவும்: சோப்பா, களிம்பா, மாத்திரையா?

கலிபோர்னியாவில் மழை ஓய்ந்து மலைகள் பச்சையாகும் மாதங்களில், ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ரமோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு படம் தவறாமல் வரும். பாய்சன் ஓக் என்ற காட்டுச் செடி பட்டு, கணுக்காலிலோ முன்கையிலோ கோடு கோடாகச் சிவந்த தடிப்பு, அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள், கீழே “இதுக்கு என்ன போடலாம்?” என்ற கேள்வி. பதில்கள் குவியும். கேலமைன், மஞ்சள், வேப்பிலை, அலர்ஜி மாத்திரை, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்னோவேட் ஸ்டீராய்டு களிம்பு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் மாற்று மருந்துகள் என்ற நினைப்பில்தான் பேச்சு நடக்கிறது. உண்மையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. செடி பட்ட முதல் மணி நேரத்தில் பெரும் பலன் தரும் பொருள், இரண்டு நாள் கழித்து வெறும் செலவு. அதனால் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், செடி பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

பாய்சன் ஓக்கின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்ற பிசின் எண்ணெய் இருக்கிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும்போதும் அது இருக்கும். இந்த எண்ணெய் அமிலத்தைப் போலத் தோலைச் சுடுவதில்லை. தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நம் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியமாகப் பார்த்துத் தாக்குகின்றன. அந்தச் சண்டைதான் தடிப்பு. ஏற்கெனவே ஒருமுறை பட்டவருக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் வரும். முதல்முறை படுபவருக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம்கூட ஆகலாம். சிலருக்கு வருவதே இல்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகிய மரங்களும் இதே குடும்பம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கையைப் புண்ணாக்கும் எண்ணெய், இந்த உருஷியாலுக்கு நெருங்கிய உறவு. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோனவர்கள், சேராங்கொட்டைச் சாறு பட்டுத் தோல் வீங்கியவர்கள் கலிபோர்னியா மலைப்பாதைகளில் கூடுதல் கவனமாக நடக்க வேண்டும். இதற்கு முன் பாய்சன் ஓக்கைத் தொட்டதே இல்லை என்றாலும், அவர்கள் உடல் அந்த வகை எண்ணெய்க்குப் பழகியிருக்கக்கூடும்.

முதல் சில மணி நேரம்: எதைக் கொண்டு கழுவுவது?

கழுவுவதற்கென்றே கடையில் விற்பதில் பெயர் பெற்றது டெக்னு. ஆரிகன் மாநிலத்துத் தயாரிப்பு. 1960களின் தொடக்கத்தில், அணுகுண்டு வெடித்தால் படியும் கதிரியக்கத் தூசியைத் தண்ணீர் இல்லாமல் துடைத்தெடுக்க உருவாக்கிய திரவம் அது. பாய்சன் ஓக் எண்ணெயையும் அது எடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குப் போட்டியாக நிற்பவை இரண்டு: வண்டி மெக்கானிக்குகள் கிரீஸ் போகக் கையில் தேய்க்கும் ‘கூப்’, அப்புறம் சமையலறைத் தொட்டியருகே இருக்கும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம்.

இந்த மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2000இல் வெளிவந்தது. தன்னார்வலர்களின் கையில் உருஷியாலைத் தடவி, இரண்டு மணி நேரம் கழித்துக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட இடத்தோடு ஒப்பிட்டால் டெக்னு சுமார் 70 சதவீதமும், கூப் 62 சதவீதமும், பாத்திர சோப்பு 56 சதவீதமும் பாதுகாப்புத் தந்தன. எண்ணிக்கையில் டெக்னு முன்னால் நிற்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது அல்ல. விலை வித்தியாசமோ பல மடங்கு.

என் தீர்ப்பு தெளிவானது: பாத்திர சோப்பு போதும். அதைவிட முக்கியம் எப்படிக் கழுவுகிறோம் என்பது. உருஷியால் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கையை நனைத்து, ஒருமுறை நுரைத்து, விட்டுவிடுகிறோம். கறுப்பு கிரீஸ் அப்பிய கையை எப்படித் தேய்ப்போமோ அப்படித் தேய்க்க வேண்டும். ஒரு துணியால் அழுத்தித் துடைத்து, அலசி, மறுபடியும் சோப்புப் போட்டு, குறைந்தது மூன்று தடவை. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, வாட்ச் பட்டைக்கு அடியில் எல்லாம். பச்சைத் தண்ணீரே போதும்.

நேரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பாதி எண்ணெயை எடுக்கலாம், அரை மணி ஆனால் பத்தில் ஒரு பங்குதான் என்று தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் பலன் இருந்தது என்பது மேலே சொன்ன ஆய்வின் நல்ல செய்தி. ஆகவே ஃப்ரீமான்ட் பக்கத்து மிஷன் பீக் மலையில் செடி உரசிவிட்டது என்று தெரிந்தால் வீடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பையில் ஒரு சின்னக் குப்பியில் சோப்பும், பழைய துணி ஒன்றும், மிச்சம் வைத்த தண்ணீரும் இருந்தால் காரருகிலேயே முதல் சுற்றை முடித்துவிடலாம். தண்ணீர் இல்லாத இடத்தில் டெக்னு உண்மையிலேயே வசதி. அதற்காக அதை வாங்கினால் குறை சொல்லமாட்டேன்.

தேங்காய் எண்ணெயை இந்த நேரத்தில் தடவக் கூடாது. உருஷியாலும் எண்ணெய்தான்; தடவிவிட்டுச் சும்மா இருந்தால் ஓரிடத்தில் இருந்ததை நாலு இடத்துக்குப் பரப்பிவிடுவோம். பிளீச் கூடவே கூடாது.

தோலைக் கழுவியவர்கள் மறப்பது ஷூ கயிற்றை. அப்புறம் ஊன்றுகோல், கார் ஸ்டியரிங், போன், நாயின் ரோமம். பொருள்களின் மேல் படிந்த உருஷியால் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதைக் கொஞ்சும் குழந்தைக்குத்தான் முகமெல்லாம் வீங்கும். துணிகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும்.

இனி ஜான்ஃபெல். சிறு குழாய் ஒன்றே 40 டாலர் பக்கம் வரும். தடிப்பு வந்த பிறகும் தேய்த்துக் கழுவினால் உருஷியாலை வெளியே எடுத்துவிடும் என்பது அதன் விற்பனைப் பேச்சு. அரிப்பு அடங்கியது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தடிப்பு கிளம்பும் நேரத்தில் எண்ணெய் தோலின் புரதத்தோடு ஒட்டி முடித்து, எதிர்ப்பு அணுக்களும் வந்து சேர்ந்துவிட்டன. அந்த நிலையில் கழுவி எடுக்க மேலே அதிகம் எதுவும் இல்லை. 40 டாலர் கொடுக்கும் அளவுக்குச் சான்று அதற்கு இல்லை என்பதே என் கருத்து.

தடிப்பு வந்தபின்: அரிப்பைத் தணிப்பவை

இந்தக் கட்டத்தில் போட்டியிடும் பொருள்களில் எதுவும் நோயின் நாள்களைக் குறைப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறும் ஒன்றை, அதுவரை பொறுத்துக்கொள்ள உதவுகின்றன. அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

இவற்றில் நான் முதலிடம் தருவது ஈரத்துணி ஒற்றடத்துக்கு. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை 15, 20 நிமிடம் வைத்து எடுப்பது செலவில்லாதது, எல்லா வயதுக்கும் ஏற்றது. கொப்புளம் உடைந்து நீர் கசியத் தொடங்கினால் அதே தண்ணீரில் டொம்பரோ பொடியைக் கரைத்துக்கொள்ளலாம். அலுமினியம் அசிடேட் கரைசல் அது. கசிவை உலர்த்துவதில் கேலமைனைவிட நன்றாக வேலை செய்யும். கேலமைன் குளுகுளுவென்று இருக்கும், காய்ந்ததும் பொருக்காகிக் கொப்புளத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேசான தடிப்புக்கு அது சரி. உடம்பின் பெரும்பகுதியில் அரிப்பு என்றால் நன்கு அரைத்த ஓட்ஸ் மாவைக் கரைத்த குளியல் நல்லது, குறிப்பாகத் தூங்கப் போவதற்கு முன்னால்.

ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு எல்லா மருந்துக்கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கும். பலர் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பாய்சன் ஓக்கின் வேகத்துக்கு இது பலவீனமான மருந்து. சின்ன இடத்தில் லேசாகச் சிவந்தால் உதவும். கொப்புளம் வந்தபின் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அலர்ஜி மாத்திரைகளைப் பற்றித்தான் நம்மிடம் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. செட்டிரிசின் போன்றவை, ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பவை. தும்மலுக்கும் சாதாரணத் தடிப்புக்கும் அவை சரி. பாய்சன் ஓக் அரிப்பு முக்கியமாக வேறு வழியில் வருவது என்பதால் பகலில் அவற்றால் பலன் குறைவு. தூக்கம் வரவைக்கும் பெனட்ரில் போன்ற பழைய வகை மாத்திரை, அந்தத் தூக்கத்துக்காக மட்டும், இரவில் சிலருக்கு உதவும். அதே பெனட்ரில் மருந்தைக் களிம்பாகத் தோலில் பூசுவது மட்டும் வேண்டாம். அதுவும், மரத்துப்போக வைக்கும் பென்சோகெயின் களிம்பும், நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி கலந்தவையும் புண்ணான தோலில் தாமே புதிய ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை.

வெந்நீரைப் பீய்ச்சினால் அரிப்பு சில மணி நேரம் அடங்குகிறது என்று பலர் சொல்கிறார்கள். அடங்குவது உண்மைதான். ஆனால் அரிப்பின் வெறியில் சூட்டின் அளவு தெரிவதில்லை, ஏற்கெனவே வெந்த தோலை மேலும் வேகவைத்துக்கொள்கிறோம். கொப்புளம் இருக்கும் இடத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசும் யோசனையை அக்கறையோடு சொல்லும் அம்மாக்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்மைக்குச் செய்வதை இதற்கும் செய்யத் தோன்றுவது இயல்பு. ஆனால் உடைந்த கொப்புளத்தின் மேல் எந்த விழுதும் கிருமிக்கு வழி. மஞ்சளே சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். எல்லாம் காய்ந்து தோல் உரியும் கடைசி வாரத்தில் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் பூசலாம். கலிபோர்னியாவின் பூர்வகுடி மக்கள் இதற்கு மக்வொர்ட் என்ற உள்ளூர்ச் செடியின் இலையைப் பயன்படுத்திவந்திருக்கிறார்கள். மரபு மதிப்புக்குரியது, ஆனாலும் சோப்புக்கு அது மாற்றாகாது.

நோயின் போக்கையே மாற்றுபவை

இவை ஸ்டீராய்டுகள் மட்டுமே. அதிலும் மூன்று வழி: வீரியமான களிம்பு, மாத்திரை, ஊசி.

குளோபெட்டசால் போன்ற வீரியமான களிம்பு மருத்துவர் சீட்டில் கிடைக்கும். சிவந்து தடித்து, கொப்புளம் முழுதாகக் கிளம்புவதற்கு முன்பே தொடங்கினால் நல்ல பலன். கை, கால் என்று அளவான இடத்துக்கு இதுவே என் தேர்வு. முகம், அக்குள், தொடையிடுக்கில் போடக் கூடாது. அங்கே தோல் மெலிந்துவிடும். ஊரிலிருந்து வந்த பெட்னோவேட் குழாயை எடுப்பவர்கள் பெயரின் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ‘என்’ என்றிருந்தால் அதில் மேலே சொன்ன நியோமைசின் இருக்கிறது.

முகம் வீங்கினாலோ, உடம்பின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ மாத்திரைதான். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரச் சிகிச்சை மையங்களில் அடிக்கடி தருவது ஆறு நாள் அட்டை: 4 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசோலோன் 21 மாத்திரை, முதல் நாள் ஆறு, கடைசி நாள் ஒன்று. இரண்டாம் நாளே அரிப்பு நின்று நிம்மதி வரும். ஆனால் பாய்சன் ஓக்கின் சண்டை இரண்டு மூன்று வாரம் நடப்பது. அட்டை தீர்ந்ததும் தடிப்பு மறுபடி கிளம்பும், சில சமயம் முன்பைவிட மோசமாக. அதனால்தான் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை உடல் எடைக்கு ஏற்ற அளவில் தொடங்கி, இரண்டு முதல் மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. ஐந்து நாள் முறையையும் பதினைந்து நாள் முறையையும் ஒப்பிட்ட ஓர் ஆய்விலும், நீண்ட முறையில் இருந்தவர்களுக்கு வேறு மருந்துகளின் தேவை குறைவாகவே இருந்தது. ஆறு நாள் அட்டை எழுதிக் கொடுத்தால், “இது திரும்ப வருமா டாக்டர், நீண்ட நாள் முறை எனக்குச் சரிப்படுமா?” என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தனியாகவே பேச வேண்டும். பிரெட்னிசோன் சர்க்கரையை வேகமாக ஏற்றும். தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் கூடும். ஊசி ஒரே தடவையில் முடிந்துவிடும், மாத்திரை மறக்கும் கவலை இல்லை. ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை எகிறினால் மாத்திரையைக் குறைப்பது போல அதைக் குறைக்க வழியில்லை. எனவே நம் வீடுகளில் பெரியவர்களுக்கு மாத்திரையே மேல் என்று நினைக்கிறேன்.

இடையில் வரும் ஒரு பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொப்புள நீர் பட்டுத் தடிப்பு பரவாது; வீட்டில் யாருக்கும் தொற்றாது. எண்ணெய் அதிகம் பட்ட இடத்திலும் மெல்லிய தோலிலும் முதலில் வருகிறது, மற்ற இடங்களில் பிந்தி வருகிறது, அதனால் பரவுவதாகத் தோன்றுகிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் புதிய இடத்தில் கிளம்பினால் அந்த ஷூ கயிற்றைச் சந்தேகியுங்கள்.

கண் மூடும் அளவு வீக்கம், பிறப்புறுப்பில் தடிப்பு, சீழ், காய்ச்சல், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் என்றால் எந்தப் பொருளையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். தோட்டத்துக் குப்பையோடு பாய்சன் ஓக்கை எரித்து, அந்தப் புகையைச் சுவாசித்து மூச்சு இறுக்கினால் உடனே 911. அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு நாடு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் நச்சு உதவி எண் 1-800-222-1222. அழைப்பு இலவசம்.