இலவசக் கண் முகாம் என்று ஊருக்குள் வருகிறவர்களை நம்பி அம்மா அப்பாவைத் தனியே அனுப்பாதீர்கள்

மட்டக்களப்பு படுவான்கரையில் பெற்றோரை விட்டுவிட்டு டவுனிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கள்.

போன வருஷம் ஆவணியில் எங்கள் ஊருக்குள் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அறிவித்துப் போனார்கள். 60 வயது தாண்டின எல்லாருக்கும் இலவசக் கண் பரிசோதனையாம், அடையாள அட்டையும் முதியோர் அட்டையும் கொண்டு வரட்டுமாம். அரசாங்கம் கொடுக்கிற முதியோர் அட்டையைக் கேட்டதுதான் ஊரையே ஏமாற்றியது. "கவர்மெண்டுதான் வந்திருக்கு புள்ள" என்று அம்மா போனில் எனக்குச் சந்தோஷமாகச் சொன்னா. நானும் "போய்ற்று வாங்கம்மா" என்றேன். அதை நினைக்க இப்பவும் நெஞ்சு அடைக்குது.

அம்மாவுக்கு 72 வயது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மண்டபத்தில் கம்ப்யூட்டர் மெஷினில் நாடியை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது பூ அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டுவாங்க, இந்த வயசில கண் போயிரும். இந்தக் கண்ணாடிய ஆறு மாசம் போட்டாப் பூ கரைஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். விலை 14,500 ரூபா. வறிய முதியோருக்கு அரசாங்கம் கொடுக்கிற மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாதான் அம்மாவின் கைக்காசு. அந்த மாதக் காசிலிருந்து 4,500 ஐ முற்பணமாகக் கட்டியிருக்கிறா. கண்ணாடி வந்த அன்று மிச்சம் 10,000 க்குத் தம்பியின் மனைவியிடம் கடன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தைப்பொங்கலுக்குப் போனபோதுதான் பிடிபட்டது. அம்மா அந்தக் கண்ணாடியோடு சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. குனிந்து பார்க்கவே இல்லை. விரலால் தடவித் தடவித்தான் எடுத்தா. பானையில் போட்ட அரிசியில் பாதி அடுப்பில் கொட்டியது. கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்த கடையில் அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே பவர், பிளஸ் 2.50. வாசிப்பதற்கென்று ரெடிமேட்டாக விற்கிற கண்ணாடி. நடைபாதைக் கடையிலும் தொங்குகிற சாமான்.

மறுகிழமை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வெண்புரை நல்லா முற்றிவிட்டது, ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். கண்ணுக்குள் இருக்கிற வில்லையே மங்கிப்போவதுதான் வெண்புரை, அவர்கள் பூ என்று சொன்னது. எந்தக் கண்ணாடியும், எந்தச் சொட்டு மருந்தும் அதைக் கரைக்காது. மங்கின வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்க வேண்டும். விட்டு விட்டு முற்றவைத்தால் ஒப்பரேஷனும் சிக்கலாகும். காசு போனதைவிட, கரையும் என்று நம்பி அம்மா காத்திருந்த அந்த ஐந்து மாதம்தான் எனக்கு ஆறவில்லை.

சீனி, பிரஷர் பார்த்து, வில்லைக்கு அளவெடுத்து, மாசியில் ஒப்பரேஷன் செய்தார்கள். ஒரு சதம் கட்டவில்லை. கட்டவிழ்த்த அன்று அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "உனக்கும் நரை விழுந்திற்றா மகள்" என்றா. எத்தனை வருஷமாக என் முகம் அவவுக்குச் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அவர்கள் கொடுத்த துண்டில் "கண்ணாடி 1" என்றும் தொகையும் மட்டும்தான். கடைப் பெயர் இல்லை, விலாசம் இல்லை. அதில் எழுதியிருந்த நம்பர் ஓஃப். ஒழுங்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க 2003 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் நமக்கு உரிமை இருக்கிறது. தர மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்து முறைப்பாடு செய்யலாம்.

இனி ஊருக்குள் ஸ்பீக்கர் கேட்டால் முதலில் ஜீஎஸ்ஸிடமும் (கிராம சேவகர்) எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸிலும் விசாரியுங்கள். உண்மையான அரச முகாம் என்றால் அவர்களுக்குத் தெரியாமல் நடக்காது. முதியோர் அட்டையும் யாருக்கும் காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் விண்ணப்பித்தால் 60 வயதானவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கும்.

எங்கள் ஊரில் மட்டும் இன்னும் ஒன்பது பேர் அதே கண்ணாடியை வாங்கியிருக்கிறார்கள். அதில் மூன்று பேரை இந்தக் கிழமை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். துண்டையும் கண்ணாடியையும் வைத்திருக்கிறேன். இவர்களிடம் ஏமாந்தவர்கள் உங்கள் ஊரிலும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.