மைல் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை: ‘மேம்படுத்தப்பட்ட’ திட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு பெரிய விமான நிறுவனம், அடிக்கடி பறப்பவர்களுக்கு ‘மைல்’ என்ற பெயரில் புள்ளிகள் தரும் தன் ஃப்ரீக்வென்ட் ஃபிளையர் திட்டத்தை மறுபடியும் மாற்றப்போவதாக உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. போன முறை மாற்றியபோது பழைய உறுப்பினர்களின் தலையில் நன்றாக மிளகாய் அரைத்தார்கள். இந்த முறையும் அதே பாணிதான். பெயர் இங்கே முக்கியமில்லை, எந்த நிறுவனம் செய்தாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் கணக்கில் மைல்கள் கிடக்கின்றன என்றால், மாற்றம் அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

போன முறை நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். அறிவிப்பின் மேல்பாதி முழுக்க நல்ல செய்தி: எல்லா இருக்கைகளையும் இனி மைல் கொடுத்து வாங்கலாம், மைல் செல்லாத தடை நாட்கள் கிடையாது, ஹோட்டலில் தங்கினாலும் மைல் சேரும். எந்தத் தடத்துக்கு எத்தனை மைல் என்று சொல்லும் அவார்டு (மைலில் எடுக்கும் டிக்கெட்) அட்டவணை மட்டும் தளத்திலிருந்து சத்தமில்லாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த பக்கத்தில் குறைந்தபட்ச மைல் இருந்தது, உச்சவரம்பு இல்லை. ஏற்கெனவே மைலில் எடுத்த டிக்கெட்டின் தேதியை மாற்றப் போனவர்களிடம், மாற்றுக் கட்டணம் போக, பழைய விலைக்கும் புது விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கேட்டார்கள். இருக்கைத் தேர்வு இலவசம் என்று நம்பி டிக்கெட் எடுத்த, அதிகம் பறந்து ‘வெள்ளி’ நிலை பெற்ற உறுப்பினர்கள் செக்-இன்னில் காசு கட்டினார்கள். மலிவு வகுப்பு டிக்கெட் வைத்திருந்தவர்களை லவுஞ்ச் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். புகார் எழுதியவர்கள் அனைவருக்கும் ஒரே பதில்: விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதற்குச் சேரும்போதே நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பதில் பெரும்பாலும் சட்டப்படி செல்லும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988-ல் தன் திட்டத்தில் கொண்டுவந்த மாற்றங்கள், அதற்கு முன்பே சேர்த்த மைல்களுக்கும் பொருந்தும் என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நுகர்வோர் மோசடிச் சட்டத்தின் கீழ் விமான நிறுவனத்தை இழுக்க முடியாது, ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடலாம் என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்திலோ ‘மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று எழுதியிருக்கிறது! 2014-ல் வந்த இன்னொரு தீர்ப்பு இதைவிட மோசம். அடிக்கடி புகார் செய்கிறார் என்று நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் ஓர் உயர்நிலை உறுப்பினரைத் திட்டத்திலிருந்து நீக்கியது. நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று அவர் தொடுத்த கோரிக்கை நிற்காது என்று அதே நீதிமன்றம் சொன்னது. மைல் உங்கள் சேமிப்பு அல்ல, அதன் மதிப்பை நிர்ணயிப்பவர்கள் அவர்கள். அதனால் நம் வேலையெல்லாம் மாற்றத் தேதிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இந்தத் திட்டங்களை ஏன் இப்படிக் கசக்கிப் பிழிகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மைல்களை மொத்தமாக வாங்குபவை கிரெடிட் கார்டு வங்கிகள். 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானமாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது, டெல்டா அதே வழியில் 900 கோடி டாலர். அவ்வளவு மதிப்புள்ள சொத்து அது. கணக்குப் புத்தகத்தில், நீங்கள் பயன்படுத்தாத ஒவ்வொரு மைலும் அவர்களுக்குக் கடன். காலாவதியானால் அது வருமானம். காலாவதித் தேதி நெருங்கும்போது நினைவூட்டல் வராமல் போவதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

அறிவிப்பு வந்த அன்றைக்கே செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. தற்போதைய விதிகள், அவார்டு அட்டவணை, உங்கள் நிலைக்கு உரிய சலுகைப் பட்டியல், கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கணக்குத் தளத்தில் மொத்த மைல் மட்டும் பெரிதாகத் தெரியும். எந்தத் தொகுதி எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பது வேறொரு பக்கத்தில் இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். சில திட்டங்களில் ஒவ்வொரு மைலுக்கும் அதன் சொந்தக் காலக்கெடு, வேறு சிலவற்றில் கணக்கில் ஏதாவது ஓர் அசைவு இருந்தாலே எல்லா மைலும் உயிரோடு இருக்கும். புதுத் திட்டம் இரண்டாவது முறையிலிருந்து முதல் முறைக்குத் தாவுகிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். மைலை வருடக்கணக்கில் சேர்ப்பவர்களுக்கு அடி விழும் இடம் இதுதான்.

விட்டுப்போன மைல்களையும் இப்போதே கோருங்கள். இதற்குப் பெரும்பாலும் இ-டிக்கெட்டின் 13 இலக்க எண், போர்டிங் பாஸ், முன்பதிவு வகுப்பைக் குறிக்கும் ஒற்றை எழுத்து மூன்றும் வேண்டும். பிஎன்ஆர் மட்டும் பல இடங்களில் போதாது. 13 இலக்கத்தில் முதல் மூன்றும் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தின் குறியீடு: 016 என்றால் யுனைடெட், 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். கோட்ஷேர் பயணங்களில் டிக்கெட் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது. யாருடைய விகிதப்படி மைல் வரும் என்பது இந்த எண்ணையும் விமான எண்ணையும் பொறுத்தது. கணினி அமைப்பை மாற்றும்போது பழைய பயணங்களுக்கான கோரிக்கைப் பக்கத்தை மூடிவிடுவது உண்டு. கணக்கிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு இடம்பெயரும்போது சிக்கும்.

அடுத்தது மைலின் உண்மையான மதிப்பு. கணக்கு எளிது: அதே விமானத்தின் ரொக்க விலையிலிருந்து, அவார்டு டிக்கெட்டுக்கும் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள். ரொக்க விலை 450 டாலர், அவார்டு 30,000 மைல் மற்றும் 150 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டாலரை 30,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 1 சென்ட். மாற்றத்துக்குப் பிறகு அதே இருக்கை 40,000 மைல் மற்றும் 190 டாலர் ஆனால், 260-ஐ 40,000-ஆல் வகுக்க வேண்டும்: 0.65 சென்ட். மைல் எண்ணிக்கை 33 சதவீதம்தான் கூடியது, மதிப்போ 35 சதவீதம் விழுந்துவிட்டது. கூடுதலான அந்த 40 டாலரை யாரும் கவனிப்பதில்லை. டிக்கெட்டின் வரி வரிசையில் ஒய்க்யூ அல்லது ஒய்ஆர் என்ற குறியீட்டில் இருப்பது பெரும்பாலும் அரசு வரி அல்ல, விமான நிறுவனம் தானே போடும் கூடுதல் கட்டணம். மைல் விலையை ஏற்றாமல் இதை மட்டும் ஏற்றினாலும் உங்களுக்கு நஷ்டம்தான். அதனால் அவார்டு தேடும்போது மைலை மட்டும் பார்க்காமல் கட்டணப் பிரிவைத் திறந்து பாருங்கள்.

இந்தக் கணக்குப்படி லாபம் தரும் பயணம் இருந்தால் பழைய அட்டவணையிலேயே எடுத்துவிடுங்கள். டிக்கெட் வெளியான தேதிதான் பார்க்கப்படும், பயணத் தேதி அல்ல. ஆனால் ‘முன்பதிவு உறுதி’ என்ற மின்னஞ்சல் மட்டும் டிக்கெட் ஆகாது, அந்த 13 இலக்க எண் வந்திருக்க வேண்டும். கடைசி நாளில் கூட்டம் அதிகமாகி, பிஎன்ஆர் கிடைத்தும் டிக்கெட் வெளியாகாமல் வரிசையில் நின்றுபோகும். பிறகு அது தானாக ரத்தாகும், மறுபடி எடுத்தால் புது விலை. குறைந்தது ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். போகும் தேதியையும் வரும் தேதியையும் நன்றாக யோசித்துப் போடுங்கள், ஏனென்றால் மாற்றத் தேதிக்குப் பிறகு தொட்டால் டிக்கெட் முழுவதும் புது விலைக்குப் போகக்கூடும். நிறுவனமே நேரத்தை மாற்றினால் கதை வேறு. அப்போது தளத்தில் நீங்களாக மாற்றாமல், அழைத்து, ‘நிறுவனத்தின் நேர மாற்றம்’ என்ற காரணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, கிரெடிட் கார்டு பாயின்ட்டை விமான மைலாக மாற்றுவது. போனால் போனதுதான், திரும்ப வராது. தேடலில் இருக்கை காட்டும், மாற்றி முடித்தபின் பணம் கட்டும் பக்கத்தில் ‘கிடைக்கவில்லை’ என்று வரும். கூட்டாளி நிறுவன இருக்கைகளில் இது சகஜம். அதே இருக்கை இன்னொரு கூட்டாளியின் தளத்திலும் தெரிகிறதா என்று பார்த்து, முடிந்தால் தொலைபேசியில் இருக்கையைப் பிடித்து வைக்கச் சொல்லி, பிறகுதான் மாற்ற வேண்டும். மைல் வந்து சேரச் சில நிமிடங்களும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம். மாற்றத் தேதி நெருங்கிவிட்டால் இதைத் தொடாதீர்கள். இன்னொன்று, ‘மைல் வாங்கினால் இரட்டிப்பு’ விற்பனை. அட்டவணை போகப்போகிற நேரத்தில் வரும் இந்தச் சலுகை, நாளைக்குக் குறையப்போகிற பண்டத்தை இன்றைய விலைக்கு உங்கள் தலையில் கட்டுவது. குறிப்பிட்ட ஒரு டிக்கெட்டுக்குச் சில ஆயிரம் மைல் குறைகிறது என்றால் வாங்கலாம், இருப்பு வைக்க வாங்கவே வேண்டாம்.

ஸ்டேட்டஸ், அதாவது வெள்ளி, தங்கம் போன்ற உறுப்பினர் நிலை விஷயத்தில் உலகப் போக்கு தெளிவாக இருக்கிறது: பறந்த தூரத்துக்கு மதிப்பு போய், கட்டிய காசுக்கு மதிப்பு. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-ல் மைல் ஈட்டலையே டிக்கெட் விலையோடு கட்டின. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் தங்க நிலைக்கு 20,000 புள்ளி, ஒரு பவுண்டு செலவுக்கு ஒரு புள்ளி என்று மாற்றியது. இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் கட்டும் முழுத் தொகையும் எண்ணப்படுவதில்லை. அடிப்படைக் கட்டணமும் நிறுவனத்தின் கூடுதல் கட்டணமும் மட்டும்தான். 800 டாலர் டிக்கெட்டில் 230 அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் என்றால் கணக்கில் ஏறுவது 570. இப்போதே வாங்கிவிட்ட டிக்கெட்டாக இருந்தாலும், மாற்றத் தேதிக்குப் பிறகு பறந்தால் பொதுவாகப் புது விதிதான். விதிவிலக்கு இருந்தால் அறிவிப்பின் அடிக்குறிப்பில் எழுதியிருப்பார்கள். நிலையைத் தக்கவைக்க வருடக் கடைசியில் வெறுமனே பறக்கும் பழக்கம் உள்ளவர்கள், அடுத்த வருடம் அந்த நிலைக்கு என்ன சலுகை மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுக் காசைச் செலவிடுங்கள்.

சேவை மாற்றங்களில் ஒரு வேறுபாடு புரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். டிக்கெட் கட்டணத்தோடு வரும் லக்கேஜ், வாங்கிய அன்றைய விதிப்படி இ-டிக்கெட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். ‘2 பிசி’ (இரண்டு பெட்டி) என்றோ ‘30 கே’ (30 கிலோ) என்றோ இருக்கும் அந்த வரியை வைத்து நீங்கள் வாதாடலாம். ஸ்டேட்டஸால் கிடைக்கும் கூடுதல் பெட்டி, லவுஞ்ச், முன்வரிசை இருக்கை எதுவும் டிக்கெட்டில் இருக்காது, விதி மாறிய நாளோடு அவை போய்விடும். காசு கட்டி எடுத்த இருக்கைக்குத் தனியாக ஒரு ரசீது எண் வரும். விமான வகை மாறி உங்களை நடு இருக்கையில் போட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் தானாகத் திரும்பாது, அந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். மேல் வகுப்புக்கு மாற உதவும் அப்கிரேடு வவுச்சரை உடனே உறுதியாகும் முறையிலிருந்து காத்திருப்புப் பட்டியலுக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படி மாறியிருந்தால் அதை நம்பி விலை கூடிய எகானமி டிக்கெட் எடுப்பது வீண்.

மைலில் எடுத்தது இலவச டிக்கெட், அதற்கு இழப்பீடு கிடையாது என்று கவுன்டரில் சொல்வார்கள். எல்லா இடத்திலும் அது உண்மையல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி மைல் டிக்கெட்டுகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த விமானத்திலும், அங்கே போய்ச் சேரும் ஐரோப்பிய நிறுவன விமானத்திலும், கீழ் வகுப்பில் உட்கார வைத்தால் தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50 அல்லது 75 சதவீதத்தை 7 நாளுக்குள் தர வேண்டும்.

புகாரைத் தொலைபேசியோடு நிறுத்தாதீர்கள். எழுத்தில், ஒரே பிரச்சினை, ஒரே கோரிக்கை: டிக்கெட் எண், தேதி, சேமித்து வைத்த விதியின் வாசகம், உங்களுக்கு வேண்டியது என்ன. ‘மிகவும் வருத்தம்’ என்று இரண்டு பக்கம் எழுதினால் பதிலுக்கு வருத்தம்தான் வரும். மாற்றம் அமலுக்கு வருவதற்கு முன்பே எழுதுவது வீண்போகாது. டெல்டா 2023 செப்டம்பரில் அறிவித்த கடுமையான மாற்றங்களில் சிலவற்றை, உறுப்பினர்கள் கொதித்தெழுந்ததால் அடுத்த மாதமே தளர்த்தியது.

கார்டு வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக் கடைசி ஆயுதமாக இருக்கட்டும். கோபத்தில் மைலை இடைத்தரகரிடம் விற்கவும் போகாதீர்கள். இரண்டிலும் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, முடக்கினால் மிச்ச மைலும் அதோடு போகும். சார்ஜ்பேக் போட்டே ஆக வேண்டும் என்றால், கணக்கில் இருக்கும் மைலில் டிக்கெட் எடுத்து, அதில் பறந்து முடித்துவிட்டு, வங்கி தரும் காலக்கெடுவுக்குள் போடுங்கள்.