டி.ஆர்.6 ‘ஓவர்ஹீட்’ என்று 2,860 பவுண்டு பில்: ஒர்க்ஷாப்புக்குப் போகுமுன் இதைப் படியுங்கள்

ட்ரையம்ப் டி.ஆர்.6 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு. இங்கிலாந்தில் 1972 மாடல் வண்டி ஒன்று, டெம்பரேச்சர் ஊசி சூடு முனைக்கு ஏறுகிறது என்று ‘பழைய வண்டி ஸ்பெஷலிஸ்ட்’ போர்டு மாட்டிய ஒரு ஒர்க்ஷாப்புக்குள் போனது. மூன்று தடவை போய், மூன்று பில்லோடு வெளியே வந்தது. ரேடியேட்டருக்குப் புது கோர், வாட்டர் பம்ப், 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு (ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) பதிலாக 74 டிகிரி, ஒரு எலக்ட்ரிக் ஃபேன், கடைசியாக இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி, அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி (ஸ்கிம்), புது கேஸ்கெட். எல்லாம் சேர்த்து 2,860 பவுண்டு.

முதல் இரண்டு தடவையும் ஊசி அசைந்துகொடுக்கவில்லை. மூன்றாவது தடவை சமர்த்தாக நடுவில் வந்து நின்றது. மோட்டார்வேயிலும் நடுவில், சிக்னலில் கால் மணி நேரம் நின்றாலும் கிட்டத்தட்ட நடுவில். வண்டிக்காரருக்கு நிம்மதி. ஒரு மாதம் கழித்து நடுரோட்டில் வண்டி நின்றது. பெட்ரோல் கேஜ் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்க, டேங்க் காலி.

குட்டு உடைந்தது அங்கேதான். பெட்ரோல் ஊசியும் டெம்பரேச்சர் ஊசியும் சேர்ந்து பொய் சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டுக்கும் பொதுவான ஒரே பொருளை: வோல்டேஜ் ஸ்டெபிலைசர். வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு வைக்கிற பெட்டியின் பெயர்தான், ஆனால் இது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகரக் கூடு, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பைமெட்டல் பட்டை, அதைச் சுற்றி ஹீட்டர் கம்பி. பட்டை சூடானால் வளைந்து தொடர்பை விடும், ஆறினால் மறுபடி தொடும். இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதால் கேஜுகளுக்குச் சராசரியாக 10 வோல்ட் போகிறது. அந்த ஹீட்டர் கம்பி வேலை செய்ய எர்த் (வண்டியின் பாடியோடு இணைப்பு) வேண்டும், எர்த் கூட்டின் வழியாக வருகிறது. எர்த் போனால் பட்டை சூடாகாது, வளையாது, பேட்டரி வோல்டேஜ் முழுசாகக் கேஜுக்குப் போகும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது அது 13.8 வோல்ட் அளவில் இருக்கும். கேஜும் பைமெட்டல்தான், அதன் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.38-ஐ 1.38-ஆல் பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 85 டிகிரியில் சுகமாக ஓடுகிற இன்ஜின், ஊசியில் கொதிக்கிற இன்ஜினாகத் தெரியும்.

இந்த வண்டியில் யாரோ ரேடியோ மாட்டும்போது கூட்டைப் பிடித்திருந்த திருகைக் கழற்றிவிட்டு, ஸ்டெபிலைசரை ஒயர் கட்டோடு தொங்கவிட்டிருந்தார்கள். அவ்வளவுதான் நோய்.

அப்படியானால் மூன்றாவது தடவை ஊசி எப்படி இறங்கியது? கேஜிலிருந்து, இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சாருக்குப் போகிற ஒயர் பச்சையில் நீலக் கோடு போட்டது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அந்த ஒயரில் கருப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் ஒரு பக்கம் பழுப்பேறி, தொட்டால் பிசுபிசுத்தது. பிரித்தால் உள்ளே ஒரு அரை வாட் ரெசிஸ்டர், மேலே மஞ்சள், ஊதா, கருப்புக் கோடுகள். 47 ஓம். ஒயரை வெட்டி நடுவில் இதைச் சொருகி, கேஜில் ஓடும் கரண்டைக் குறைத்து ஊசியை இறக்கியிருக்கிறார்கள். ரேடியேட்டருக்கும் ஹெட்டுக்கும் காசு வாங்கிவிட்டு, ஊசிக்கு மட்டும் வைத்தியம். இதை வெறும் தவறு என்று சொல்ல முடியாது, மோசடி. இனி கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) நிஜமாகவே 110 டிகிரி போனாலும் ஊசி சூடு முனையை எட்டாது. முன்பு பொய்யாகக் கத்திய கேஜ், இப்போது உண்மையான ஆபத்திலும் வாயைத் திறக்காது.

ஒர்க்ஷாப்புக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியது இது. இக்னிஷனைப் போடுங்கள். சென்சாரிலிருந்து பச்சை-நீல ஒயரைக் கழற்றினால் ஊசி குளிர் முனைக்கு விழ வேண்டும். ஒயர் முனையை இன்ஜின் இரும்பில் தொட்டால் சூடு முனைக்கு ஏற வேண்டும். அந்த முனையை நெருங்கியதும் எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் கேஜ் கம்பி கருகும். பைமெட்டல் கேஜ் சோம்பேறி, ஊசி நிலைக்கு வர அரை நிமிடம் போல ஆகும், அவசரப்பட வேண்டாம். ஏற மறுத்தாலோ பாதியில் நின்றாலோ ஒயர் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள், டேப் சுற்றிய இடம் கையில் தட்டுப்படும்.

அடுத்து ஸ்டெபிலைசர். அதன் ‘ஐ’ முனையிலிருந்து இரண்டு கேஜுக்கும் போவது வெளிர்பச்சையில் பச்சைக் கோடு போட்ட ஒயர். அங்கே ஒரு டெஸ்ட் பல்பை வைத்தால் மினுக் மினுக்கென்று எரிந்து அணைய வேண்டும். டிஜிட்டல் மீட்டர் வைத்தால் எண் பூஜ்ஜியத்துக்கும் பன்னிரண்டுக்கும் தாவிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நல்ல ஸ்டெபிலைசர் அப்படித்தான் காட்டும். பல்ப் விடாமல் எரிந்தால் கூட்டிலிருந்து பாடிக்கு ஒரு தனி ஒயர் பிடித்து மறுபடி பாருங்கள். மினுக்க ஆரம்பித்தால் வேலை முடிந்தது. எர்த் கொடுத்தும் மினுக்கவில்லை என்றால் மட்டும் புதுசு வாங்குங்கள். 10 வோல்ட் ரெகுலேட்டர் ஐ.சி. வைத்த புது வகை மலிவானதுதான். ஆனால் நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த) வண்டிக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், மாற்றி மாட்டினால் அன்றே புகையும்.

மீட்டர் இல்லாமலே ஒரு குறிப்பு கிடைக்கும். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் விட்டு ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள். இரண்டு ஊசியும் மெல்லக் கீழே சாய்ந்தால் அவை காட்டுவது வெப்பத்தையும் பெட்ரோலையும் அல்ல, வோல்டேஜை. ஆயில் பிரஷர் கேஜை இதில் சேர்க்காதீர்கள், அது எண்ணெய்க் குழாயில் ஓடுகிறது, கரண்ட் கிடையாது.

சென்சாரும் ஏமாற்றும். திருகு ஒன்றாக இருந்தாலும் ரெசிஸ்டன்ஸ் வேறாக இருக்கிற சென்சார்கள் கடைகளில் கலந்து கிடக்கின்றன. அதைக் கழற்றி, உடலுக்கு ஒரு எர்த் ஒயர் பிடித்து, சமையல் தெர்மாமீட்டரோடு வெந்நீரில் நுனியை முக்கி, 80-க்கும் 95-க்கும் ஊசி எங்கே நிற்கிறது என்று டேஷில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறி எந்த மெக்கானிக் பேச்சையும்விட நம்பகமானது. மாட்டும்போது திருகில் டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளாதீர்கள், சென்சாருக்கு எர்த் அந்தத் திருகு வழியாகத்தான்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்து ‘பாருங்கள், 60 டிகிரிதான்’ என்று காட்டுகிறவர்களிடமும் ஜாக்கிரதை. பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துத்தான் காட்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறி வையுங்கள்.

நிஜமாகச் சூடாகிற இன்ஜின் ஊசியால் மட்டும் பேசாது. தண்ணீர் குறையும், கக்கும், நிறுத்தியபின் குமுறும். 13 பவுண்டு அழுத்தம் (பி.எஸ்.ஐ.) தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும், ஆகவே 100 டிகிரி என்றதும் அலற வேண்டியதில்லை. இந்த வண்டியில் ஒரு சொட்டு கூலண்ட் குறைந்ததில்லை. அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் ஹெட் கழன்றிருக்காது. கேஸ்கெட் போயிருக்கிறது என்று சொல்பவரிடம் ரேடியேட்டர் வாயில் கெமிக்கல் டெஸ்ட் கேளுங்கள்: நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. கூடவே 13 பவுண்டு பிரஷர் ஏற்றி, பத்து நிமிடம் நிற்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

டிராஃபிக்கில் மட்டும் சூடானால் காற்றுப் பிரச்சினை. டி.ஆர்.6-இல் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற அட்டை மறைப்பு காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வேகத்தில் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, பிளாக்கின் பின்பக்கம் படிந்த சேறு, உள்ளே ஒட்டிக்கொள்கிற கீழ் ஹோஸ், இல்லையேல் இக்னிஷன் டைமிங் பின்தங்கியது, அதாவது ஸ்பார்க் தாமதமாக வருவது. 74 டிகிரி தெர்மோஸ்டாட் இதில் எதையும் தீர்க்காது. அது சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டருக்குத் தெம்பு இல்லையென்றால் கொஞ்சம் தாமதமாக அதே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

இன்னொன்று: பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மாடலில் வெயில் நாளில் டிராஃபிக்கில் இன்ஜின் திக்கித் திணறினால், அது பெரும்பாலும் டிக்கியில் இருக்கிற லூகாஸ் பெட்ரோல் பம்ப் சூடானதால். அதற்கும் ரேடியேட்டர் விற்றுவிடுவார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால், ரெசிஸ்டரை உடனே வெட்டி எறியாதீர்கள். டேப்போடு ஒரு படம், டேப் பிரித்து ஒரு படம், மீட்டரில் ஓம் காட்டும் ஒரு படம் எடுத்துவிட்டு, பொருளைக் கவரில் போட்டு பில்லோடு வையுங்கள். பிரிட்டனில் 2015 நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி சரியாகச் செய்து தரச் சொல்லலாம், அது நடக்காவிட்டால் பணத்தைக் குறைக்கக் கேட்கலாம். முதல் கடிதத்தில் திட்டு வேண்டாம். ‘பச்சை-நீல ஒயரில் 47 ஓம் எதற்கு?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுதி, எழுத்தில் பதில் கேளுங்கள்.