கரண்ட் வைத்தவர்களுக்குக் ‘குடல் சுத்தம்’ பொடி விற்கிறார்கள், உஷார்

பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கரண்ட் வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்து, புற்று அடங்கிவிட்டது. சில வருடங்கள் கழித்துத் தொடங்கியது வயிற்றுப்போக்கு. சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட வேண்டும். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அப்போதுதான் ‘ஊட்டச்சத்து மையம்’ நடத்தும் ஒருவர் வீடு தேடி வந்தார். ஏதோ மெஷினில் ஏற்றி நிறுத்திவிட்டு, “குடல்ல கழிவு தேங்கியிருக்கும்மா, அதான் சத்து ஒட்டல” என்றார். குடல் சுத்தத்துக்கு ஒரு பொடி, உடம்பு தேற நார்ச்சத்து மிகுந்த சிறுதானியக் கஞ்சி மாவு. எட்டாயிரத்துச் சொச்சம். ரேடியேஷன் எடுத்த உடம்பு என்று சொன்னோம். “இதுல கெமிக்கலே இல்லைம்மா!” கேட்டது அதையா?

டப்பாவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ‘நிலாவரை’ என்றிருந்தது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பேதி மருந்து அது. போக்கு இன்னும் அதிகமானது. போன் செய்தால், “நச்சு வெளியேறுது, நிறுத்திடாதீங்க.” கடைசியில் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கதிர் பட்ட சிறுகுடல் ஓரிடத்தில் தழும்பேறிச் சுருங்கியிருப்பதாகவும், நார்ச்சத்து அங்கே போய் அடைத்துக்கொண்டதாகவும் சிடி ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார். வைட்டமின் பி12-ஐயும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பையும் உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதி. அது பழுதானால் பி12 குறையும். உறிஞ்சப்படாத பித்த உப்பு பெருங்குடலுக்கு இறங்கிப் போக்கை உண்டாக்கும். சத்து ஒட்டாததற்குக் காரணம் இதுதான், கழிவு இல்லை.

இப்போது பி12 ஊசி போடுகிறார்கள். பித்த உப்பைப் பிடித்துவைக்க கொலஸ்டிரமைன் பொடி. மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் பிடித்துக்கொள்ளும். குழைந்த சாதம், முட்டை, முள் எடுத்த மீன், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. கம்பும் கீரைத்தண்டும் இவருக்கு ஆகாது. சுருக்கம் இல்லாதவருக்கு வேறு மாதிரி சொல்வார்கள், ஆகவே இதை அப்படியே பின்பற்றாமல் உங்கள் டாக்டரையும் டயட்டீஷியனையும் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “டப்பா திறந்தாச்சே” என்கிறார். கொடுத்த பில் வெறும் துண்டுச்சீட்டு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைக் காட்டி ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு’ என்று வேறு சொல்கிறார். அது உணவு விற்பதற்கான உரிமம், நோயைக் குணமாக்கும் என்பதற்கான சான்று அல்ல. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் வாங்கியிருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், லேபிளும் பேட்ச் எண்ணும் புகாருக்கு வேண்டும்.