வழுக்கும் வாசல்: பாசியோடு ஐந்து மழைக்காலம்

2021 நவம்பர். விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்க கேட் வரை போன அத்தை, திரும்பும்போது பேவர் பிளாக்கில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுவரை பாசி என்றால் எனக்குப் பொங்கலுக்கு முன் தேய்த்துக் கழுவ வேண்டிய அழுக்கு, அவ்வளவுதான்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கேட்டிலிருந்து படி வரை பேவர் பிளாக், வடக்குப் பக்கச் சந்தில் சிமெண்ட் தளம், பின்னால் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கடப்பா கல். எங்கள் ஊரில் வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வடக்குச் சந்தில் வீட்டு நிழல் நகரவே நகராது. மழையும் நிழலும் ஒரே நேரத்தில் வந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? ஐப்பசியில் சந்து பச்சையாகும், கார்த்திகையில் கறுப்பாகும்.

அந்தக் கறுப்புதான் மோசம். பச்சைப் பாசி ஈர்க்குமாறால் தேய்த்தாலே ஓரளவு போய்விடும். கறுப்பு, நீலப்பச்சைப் பாசி வகை. வெயில் காலத்தில் காய்ந்து பொருக்காகத் தரையோடு ஒட்டிக்கிடக்கும். செத்துவிட்டது என்று நினைப்போம். முதல் மழைத் தண்ணீர் பட்டதும் ஊறி, கொழகொழவென்று எழுந்துவிடும்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான், பிளீச்சிங் பவுடர். வாளிக்கு ரெண்டு கைப்பிடி கரைத்து ஊற்றினேன். தரை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஆனது, பாசி பாதிதான் போனது. ஓரத்தில் இருந்த செம்பருத்தியின் இலைகள் கருகின, என் நைட்டியிலும் வெள்ளைப் புள்ளிகள். பிறகுதான் முறை பிடிபட்டது. மேலே மொத்தமாக இருக்கும் பாசியை முதலில் மண்வெட்டியால் சுரண்டி அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் பவுடரின் வீரியம் அதிலேயே தீர்ந்துவிடும். பவுடரைக் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்த பின் மேலே உள்ள தெளிவை மட்டும் வெயில் தாழ்ந்ததும் ஊற்றி, இருபது நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். செடிகளை முன்னாடியே நல்ல தண்ணீரால் நனைத்துவிட வேண்டும். பிரித்த மூட்டையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வீரியமெல்லாம் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். ஒழுங்காகச் செய்தால் சுத்தம் உடனே தெரியும். ஆனால் என் சந்தில் அது ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை.

இதில் ஒரு பயங்கரமும் நடந்தது. உதவிக்கு வந்த பையன், பிளீச்சிங் ஊற்றிய இடத்தில் கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டை எடுத்து மேலேயே ஊற்றிவிட்டான். ரெண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. மூச்சு அடைத்து, இருமிக்கொண்டே ரெண்டு பேரும் தெருவுக்கு ஓடினோம். அன்றோடு ஆசிட் பாட்டில் வீட்டை விட்டுப் போனது. தனியாக ஊற்றினாலும் அது சிமெண்டைத்தான் அரிக்கும்.

2022இல் தம்பி பிரஷர் வாஷர் கொண்டு வந்தான். பார்க்க அவ்வளவு திருப்தி! கறுப்புத் தரையில் வெள்ளைக் கோடு கோடாக விழும்போது கையை எடுக்கவே மனசு வராது. ஆனால் என் அனுபவத்தில் பணத்தையும் தரையையும் கெடுத்தது இதுதான். சந்தில் சிமெண்டின் வழவழப்பான மேல்தோல் உரிந்து மணல் தெரிந்தது. பேவர் பிளாக் இடுக்கு மணலெல்லாம் பறந்து, கற்கள் ஆட ஆரம்பித்தன. சொரசொரப்பான தரையில் ஈரம் இன்னும் நன்றாகத் தங்கும். அந்த வருஷம் பாசி முன்னைவிட அடர்த்தியாக வந்தது.

ஆடும் கற்களைச் சரிசெய்யத்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தவர் பாசியைப் பார்த்துவிட்டு, “தரையில வாட்டமே இல்லையேம்மா, மருந்து போட்டு என்ன பண்றது?” என்றார். வாட்டம் என்றால் தண்ணீர் வடிய வேண்டிய சரிவு. அடுத்த மழை விட்டதும் ஒரு செங்கல் துண்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மழை நின்று அரை மணி நேரம் கழித்தும் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறதோ, அதைச் சுற்றிக் கோடு போட வேண்டும். போட்டேன். சந்தில் மட்டும் ஏழு வட்டம். அந்த ஏழும் அப்படியே கறுப்புப் பாசி இருந்த இடங்கள்! ஒரு வட்டம் ஏசி தண்ணீர் சொட்டுகிற இடம், இன்னொன்று மாடித் தொட்டி நிரம்பி வழியும் குழாய்க்கு நேர் கீழே.

2023 சித்திரையில் வேலை நடந்தது. சந்தின் தளத்தைக் கொத்திவிட்டு, பத்தடிக்கு ரெண்டு அங்குலம் வாட்டம் வைத்துப் பூசி, மேலே துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்தார்கள், கால் பிடிப்பதற்கு. ஏசி தண்ணீருக்குக் குழாய் வைத்து வாழைக்கு விட்டாயிற்று. பேவர் பிளாக்கை எடுத்து மட்டம் பார்த்துப் பதித்து, இடுக்கில் காய்ந்த மணலைக் கூட்டி நிரப்பினார்கள். மாமரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டியது அத்தைக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மிச்சம் இருந்ததற்குத்தான் மருந்து. புதுச்சேரியில் கெமிக்கல் கடை ஒன்றில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியின் 50 சதவீதக் கரைசல் வாங்கினேன். லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, பூவாளியில். தரை காய்ந்திருக்க வேண்டும், அடுத்த ஒரு நாள் மழை கூடாது, கழுவவும் வேண்டாம். உடனே ஒன்றும் தெரியாது. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் பச்சை பழுப்பானது. கறுப்பு உதிர மூன்று வாரம் ஆனது. துவைக்கிற கல் பக்கம் மட்டும் துளியும் கேட்கவில்லை. காரணம் சோப்புத் தண்ணீர்: சோப்பு இந்த மருந்தைச் செயலிழக்க வைத்துவிடும். அங்கே நன்றாக அலசி, காயவிட்டு மறுபடி அடித்ததும் போனது.

மருந்துக்குக் கையுறை கட்டாயம். மீனுக்கு இது விஷம் என்பதால் எங்கள் தாமரைத் தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் அடிப்பேன். பூனை வளர்ப்பவர்கள் தரை முழுசாகக் காயும்வரை அதை உள்ளே வையுங்கள். பாதத்தை நக்கினால் நாக்கு புண்ணாகிவிடும். பிளீச்சிங்கோடு இதையும் கலக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் மயில்துத்தம் சொன்னார்கள், நான் போடவில்லை. அதில் உள்ள செம்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

நிஜமான சோதனை 2024 நவம்பர் 30, பெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் வாசலிலும் கணுக்கால் அளவு தண்ணீர், வடிந்த பிறகு விரல் கனத்துக்குச் சேறு. அது காய்வதற்குள் வழித்து எடுத்ததுதான் அன்று செய்த ஒரே உருப்படியான வேலை. தை பிறந்தபோது பேவர் பிளாக் ஓரங்களில் பச்சை இருந்தது, சந்தில் ரெண்டே திட்டு. பழைய ஏழு வட்டத்தில் ஐந்து காணாமல் போயிருந்தன.

இப்போது புரட்டாசிக் கடைசியில் ஒரு தரம், தையில் ஒரு தரம் மருந்து. சருகை மட்டும் தினமும் கூட்டிவிடுகிறேன். கடப்பா கல் இடுக்கு இன்னும் என் கைக்கு அடங்கவில்லை, அங்கே ஈர நாளில் யாரையும் வெறுங்காலோடு விடுவதில்லை. அத்தை பால் எடுக்கப் போகும்போது இன்றைக்கும் கட்டைவிரலால் கல்லைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார். போன வாரம் கேட் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்: “இங்க ஒண்ணு வருது, வந்து பாரு.”